காலித் தோட்டா கணக்கு

தமிழ் சினிமாவில் எத்தனையோ துப்பாக்கி பார்த்துவிட்டோம். ஹீரோ சுடுவார். வில்லனின் அடியாட்கள் பதினேழு பேர் மொட்டை மாடியிலிருந்து கரெக்டாக வைக்கோல் போர் மேல் விழுவார்கள். ஆனால் சுட்டபிறகு அந்தத் தோட்டாவின் காலிக் கூடு என்ன ஆகிறது என்று எந்த டைரக்டராவது காட்டியிருக்கிறாரா? குண்டு போய்விடும் சார், கூடு போகாது. அது துப்பாக்கிக்குள்ளேயே சட்டமாக உட்கார்ந்திருக்கும். அதை வெளியே எடுத்தால்தான் அடுத்த தோட்டா உள்ளே போகும். மாட்டுத்தாவணியில் டவுன் பஸ்ஸிலிருந்து ஆள் இறங்கினால்தானே ஆள் ஏற முடியும்? (மதுரையில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். துப்பாக்கியில் நடக்காது.)

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஊருக்கு வெளியே, யானைமலை முழுசாகத் தெரிகிற ஒரு பொட்டலில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப். அதற்கு நான் கௌரவப் பொருளாளர். பி.காம். படித்தவன், கூப்பிட்டால் வருகிறவன் என்ற இரண்டு தகுதிக்காகப் பிடித்துப் போட்டார்கள். தோட்டா என்பது சீனி, மண்ணெண்ணெய் மாதிரி சமாசாரம் இல்லை. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் தலைமேல் நிற்கிறது. வாங்கியது எத்தனை, கொடுத்தது எத்தனை, சுட்டது எத்தனை, மீதி எத்தனை, எல்லாம் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். எங்கள் செயலாளர் ரிட்டயர்டு போலீஸ் இன்ஸ்பெக்டர். அவருக்கு அது போதாது. “சுட்டதுக்கு அத்தாட்சி?” என்பார். ஆகவே, காலிக் கூடுகளையும் பொறுக்கி, எண்ணி, தேதி போட்டு, பிஸ்கட் டின்னில் அடைத்து வைப்பது என் வேலை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆடிட் படித்தவனுக்கு வவுச்சர் என்றால் ஒரு பாசம்!

2022 செப்டம்பர் கடைசியில் கிளப்புக்குப் புது ரைபிள் வந்தது. ‘பாயிண்ட் டூ டூ’ போல்ட் ஆக்‌ஷன். கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் பாவம். உறுப்பினர்கள் ஒன்றரை வருஷம் துண்டு விரித்துச் சேர்த்த பணம். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்த ஜாதித் துப்பாக்கி பழக்கமானதுதான். சுபேதார் இந்தியில் ‘காலி கர்’ என்று கத்த, நாம் எதைக் காலி செய்வது என்று புரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்துச் செய்வோமே, அதே.

போல்ட் என்றால் வேறொன்றுமில்லை, நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள்தான். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் கதவு திறக்கும். முன்னால் தள்ளி மடக்கினால் பூட்டிக்கொள்ளும். தோட்டா உட்கார்கிற அறைக்கு சேம்பர் என்று பெயர். தாழ்ப்பாளின் நுனியில் ஒரு குட்டிக் கொக்கி இருக்கிறது. அதுதான் எக்ஸ்ட்ராக்டர். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி மாதிரி, தோட்டாவின் அடி விளிம்பைக் கவ்வி, தாழ்ப்பாள் பின்னால் வரும்போது கூட்டையும் இழுத்துக்கொண்டு வரும். கடைசியில் எஜெக்டர் என்று ஒரு சின்ன முட்டு. அது தட்டிவிட, கூடு ‘டிங்’ என்று வெளியே தெறிக்கும்.

இதில் ஒரு அழகு உண்டு. வெடித்த கணத்தில் உள்ளே சதுர அங்குலத்துக்கு இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறும். லாரி டயரில் அடிப்பது நூற்றுச் சொச்சம் பவுண்டுதான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் பித்தளைக் கூடு பொம்மென்று உப்பி சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். புகை பின்பக்கம் வராமல் அடைப்பதே அந்த உப்பல்தான். குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் பித்தளை துளியூண்டு சுருங்கும். அந்தத் துளியூண்டு இடைவெளியில்தான் கொக்கி அதை இழுக்கிறது. புட்டுக் குழாயிலிருந்து புட்டைத் தள்ளுகிற மாதிரி. குழாய் வழவழவென்று இருந்தால் முழுசாக வரும். வாய் நெளிந்த குழாய் என்றால் என்ன ஆகும் என்று வீட்டில் கேளுங்கள்.

எங்கள் புது ரைபிளில் நாலு குண்டுக்கு ஒரு கூடு மாட்டிக்கொண்டது.

பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. போனில் பேசிக்கொண்டே எடுத்துவிடலாம். ஆனால் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வருவான். அப்பா இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பையன் காலேஜ் மூன்றாம் வருஷம், என்.சி.சி. சொந்தத் துப்பாக்கிக்கு எங்கே போவான்? கிளப் ரைபிள்தான் கதி. வெளியூரில் ஒரு தகுதிப் போட்டி. அதில் தேறினால் அடுத்த கட்டம். அங்கேயும் தேறினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்கலாம் என்ற நப்பாசை. போட்டிக்கு முப்பது நாள்கூட இல்லை. குப்புறப் படுத்துக்கொண்டு ஐம்பது மீட்டர் தூரத்தில் அறுபது குண்டு. இலக்கின் நடுவில் இருக்கும் பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. ஒவ்வொரு தடவை கூடு மாட்டும்போதும் எழுந்து, குழல் வழியாகக் கம்பி விட்டுத் தள்ளி, மறுபடி படுத்து, முழங்கையை அதே இடத்தில் ஊன்றி, மூச்சைச் சரிப்படுத்தி... அறுபதில் பதினைந்து தடவை இந்தக் கூத்து என்றால் பத்து மார்க் வட்டம் கண்ணில் தெரியுமா?

“பழைய துப்பாக்கியே தேவலண்ணே” என்றான் என்னிடம். பழையதில் குறி பார்க்கிற முள்ளே ஆடும்.

அதன்பிறகு ஆரம்பித்தது வைத்தியம். மதுரையில் வைத்தியருக்குப் பஞ்சமா? பழ ஏவாரம் செய்கிற உறுப்பினர் ஒருவர், “தோட்டா சரியில்லைங்க, வேற பிராண்டு போடுங்க” என்றார். போட்டோம். அதுவும் மாட்டியது, கொஞ்சம் அதிக விலைக்கு. இன்னொருத்தர், “சேம்பருக்குள்ள ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் விடுங்க, வழுக்கிட்டு வந்துரும்” என்றார். செயலாளர் அவரை முறைத்த முறையில் அவர் அடுத்த ஞாயிறு வரவே இல்லை. சேம்பரில் எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காது. அடி முழுவதும் பின்னால் தாழ்ப்பாள் மேல் இறங்கும். தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருப்பது சுடுகிறவனின் முகம்.

அப்புறம் லேத் பட்டறை அண்ணாச்சி. நல்ல மனிதர், கை சுத்தமான தொழில்காரர். “ரீமரை விட்டு ஒரு சுத்து. அம்புட்டுத்தான், அஞ்சு நிமிசம்” என்றார். துப்பாக்கி ரிப்பேருக்குத் தனியாக லைசென்ஸ் வேண்டும், இல்லாதவர் கை வைத்தால் அவருக்கும் கேஸ், நமக்கும் கேஸ். அது ஒருபுறம். ஒரு சுற்றில் சேம்பர் அகலமாகிவிட்டால் கூடு உப்பி வெடிக்கும். இரும்பைச் சுரண்டியது சுரண்டியதுதான், திரும்ப வராது.

துப்பாக்கிக்கு இந்த வியாதியே ஒரு காலத்தில் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். பழைய தோட்டாவுக்குக் காகித உறை. காகிதத்தைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் குழலில் இறக்க வேண்டும். வெளியே எடுக்க மிச்சம் ஒன்றும் இருக்காது. என்ஃபீல்ட் தோட்டாவின் காகிதத்தில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்ற பேச்சுதானே 1857-ல் மீரட்டில் தீயைப் பற்றவைத்தது? அங்கே தகராறு உள்ளே போவதில். வெளியே வருவதில் தகராறு பித்தளைக் கூடு வந்தபிறகுதான்.

இந்தத் தகராறு ஒரு மந்திரியின் பெயரையே கெடுத்திருக்கிறது! கனடாக்காரர்கள் முதல் உலகப் போருக்கு ராஸ் என்று ஒரு ரைபிளோடு போனார்கள். சார்லஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு வடிவமைத்தது. கைப்பிடியைத் தூக்கி மடக்க வேண்டாம், நேராக இழுத்தால் போதும். போட்டிகளில் குறி தப்பாது. ராணுவ மந்திரி சாம் ஹியூஸுக்கு அதன்மேல் அப்படி ஒரு காதல். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்குப் பக்கத்தில், ஜெர்மானியர்கள் குளோரின் புகையை அவிழ்த்துவிட்ட அதே சண்டையில், ராஸ் மாட்டிக்கொண்டது. சிப்பாய்கள் போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்தார்கள், மண்வெட்டியால் அடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, கிடைத்த பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டார்கள். (நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பாராக்காரர் தோளில் ரொம்ப காலம் தொங்கியதே, அந்த வம்சம்தான். அது சேற்றில் புரண்டாலும் வேலை செய்யும்.) சேறு, அளவில் சற்று முன்னே பின்னே இருந்த பிரிட்டிஷ் தோட்டா என்று பல காரணங்கள். அதில் ஒன்றுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. போல்ட்டைப் பின்னால் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் பல் ஒன்று தடுப்பில் போய் இடித்து, இடித்து இடித்தே முனை மழுங்கி உருமாறிப் போனதாம். 1916-ல் ராஸை முன்னணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த நவம்பரில் ஹியூஸும் பதவியிலிருந்து போனார்.

நம்ம கதைக்கு வருகிறேன். செயலாளர் ஒருநாள் சேம்பருக்குள் வெள்ளைத் துணி சுற்றிய கம்பியை விட்டுத் துடைத்தார். துணி சிவப்பாக வந்தது! கூட்டம் கூடிவிட்டது. முகர்ந்து பார்த்தார். குங்குமம்! கூடவே சந்தனம். அக்டோபர் 4-ம் தேதி ஆயுத பூஜை கொண்டாடியிருந்தோமே. புது ரைபிளுக்கு மாலை, பொட்டு, சந்தனக் காப்பு, சுண்டல் எல்லாம் ஜமாய்த்திருந்தோம். பக்தி முற்றிய யாரோ சேம்பருக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். “பிடிச்சாச்சு கேஸை” என்றார் செயலாளர். வெண்கல பிரஷ் போட்டு, கரைப்பான் விட்டு, கண்ணாடி மாதிரித் துடைத்தார்.

மறுநாள் பையன் சுட்டான். நாலாவது கூடு மாட்டியது.

அந்த வாரம்தான் அது நடந்தது. பையன் பயிற்சியில் இருந்தான். பக்கத்து லேனில் இன்னொருத்தர். இருவரும் ஒரே நொடியில் ட்ரிகரை அழுத்தியிருக்கிறார்கள். காதில் அடைப்பான். பக்கத்துச் சத்தத்தைத் தன் சத்தம் என்று நினைத்துவிட்டான். போல்ட்டை இழுத்தான், கூடு வரவில்லை. வழக்கம்போல எழுந்து, கம்பியை எடுத்துக்கொண்டு குழலின் முன்பக்கம் போனான். அவன் குற்றமா? நாலுக்கு ஒன்று மாட்டி மாட்டி அவன் கையே அப்படிப் பழகியிருந்தது.

“டேய்... நில்லுடா!”

செயலாளர் போலீஸில் இருந்தபோதுகூட அப்படிக் கத்தியிருப்பாரா தெரியாது. அவர் தொலைநோக்கியில் பையனின் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது ஓட்டை விழவில்லை, பின்னால் மண் சுவரில் புழுதி எழவில்லை. அப்படியென்றால் குண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. வெடிக்காத தோட்டா, அதற்கு எதிரே இரும்புக் கம்பியோடு ஒரு பத்தொன்பது வயசுப் பையன்.

எல்லோரும் பின்னால் வந்தோம். குழல் மண் சுவரைப் பார்த்தபடியே இருக்க, ஒரு முழு நிமிஷம் யாரும் பேசவில்லை. சில தோட்டா தாமதமாகவும் வெடிக்கும், அதற்காகக் காத்திருப்பது. பிறகு செயலாளர் மட்டும் போய், முகத்தை ஒதுக்கி, போல்ட்டைத் தள்ளி மறுபடி மெதுவாக இழுத்தார். தோட்டா வந்தது, ஈயக் குண்டோடு முழுசாக. கையில் வைத்துப் பார்த்தார். ரைபிளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். “இனிமே இதத் தொட்டா கையை எடுத்துருவேன்” என்றார். பையன் திண்ணையில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்தது கணக்கு. வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன். புது ரைபிள் கூடு மட்டும் நானூற்றுச் சொச்சம். மாட்டியவற்றை பையன் தனி உறையில் போட்டுக் கொடுத்திருந்தான், சமர்த்து. இரண்டு கட்சியையும் கோலப்பொடி டப்பா மூடியில் வரிசையாக அடுக்கி, டியூப் லைட் கீழே பார்க்க ஆரம்பித்தேன். “காலித் தோட்டாவுல என்ன ஜோசியம் பாக்குறீங்க?” என்றாள் மனைவி.

ஜோசியம்தான். மாட்டிய கூடுகளின் விளிம்பில் கொக்கி கடித்த தடம் ஆழமாக இருந்தது. சிலவற்றில் விளிம்பே கிழிந்திருந்தது. அப்படியானால் கொக்கி நன்றாகத்தான் கவ்வுகிறது, கூடுதான் வர மறுக்கிறது. கொக்கி கழன்று நழுவியிருந்தால் இவ்வளவு ஆழமான தடம் இருக்காது. ஸ்பிரிங்கை மாற்றவேண்டும் என்று ஒரு உறுப்பினர் குதித்துக்கொண்டிருந்தார், அந்தச் செலவு மிச்சம். அடுத்தது உடம்பு. ஒவ்வொரு கூட்டிலும், நீளவாக்கில், தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். ஒன்றுதான், எல்லாவற்றிலும். பாயிண்ட் டூ டூ தோட்டாவுக்கு நடுவில் பொட்டு கிடையாது. ஃபயரிங் பின் அடி விளிம்பில் ஓரமாகக் குத்தும். அந்தக் குத்துத் தடத்தையும் கீறலையும் சேர்த்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நேர்கோட்டில்! எந்தக் கூட்டை எடுத்தாலும் குத்து எங்கேயோ கீறல் அங்கேயே. அப்போதுதான் எனக்கு அந்த ராஸ் போல்ட்டின் மழுங்கிய பல் ஞாபகம் வந்தது.

காலையில் ஆபீசுக்குக் கூடப் போகாமல் செயலாளர் வீட்டுக்கு ஓடினேன். கடிகாரக் கடைக்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸை மாட்டிக்கொண்டு அவர் இருபது கூடு பார்த்தார். ஒன்றும் பேசாமல் சேம்பர் வாயில் டார்ச் அடித்தார். மேல் விளிம்பில், பின் வந்து இறங்குகிற இடத்தில், எள்ளில் பாதி அளவுக்கு இரும்பு நசுங்கி உள்பக்கமாகப் பிதுங்கி நின்றது.

“காலியா வச்சு அடிச்சிருக்காங்க” என்றார்.

தோட்டா இல்லாமல் ட்ரிகரை அழுத்தினால் பின் சும்மா காற்றில் குத்துவதில்லை. தோட்டாவின் விளிம்பு இருக்கவேண்டிய இடத்தில் சேம்பரின் விளிம்பு இருக்கும், நேரே அதில் போய் இறங்கும். பின் எட்டாதபடி பெரும்பாலும் அளவு வைத்துத்தான் செய்வார்கள். எங்களுடையதில் பின் ஒரு மயிரிழை நீளம். அடிக்க அடிக்கப் பிசிறு வளரும். சுட்டதும் உப்புகிற பித்தளை அந்தப் பிசிறைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். நெளிந்த வாய்ப் புட்டுக் குழாய்!

யார் அடித்தது? கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டோம். எல்லோருமே உத்தமர்கள். அதே குரூப்பில் ஆயுத பூஜை வீடியோவும் இருந்தது. ஆடிட் என்று வந்தபிறகு விடுவேனா? சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு எண்ணினேன். வார்டு பிரமுகர் ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு ‘டிக்’. அவர் மச்சான் ‘டிக், டிக்’. உறுப்பினர் வீட்டுக் குழந்தைகள் க்யூவில் நின்று ‘டிக்’. செல்ஃபிக்கு ஒன்று, செல்ஃபி சரியாக விழாததால் இன்னொன்று. அந்த ஒரு வீடியோவில் மட்டும் நாற்பத்தியோரு டிக். நாலு நாள் அது மேஜைமேல் காட்சிக்கு இருந்தது, பெருக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முதல் டிக், சூடம் காட்டிய கையோடு, சாட்சாத் செயலாளருடையது. நான் அதைச் சொல்லவில்லை. அவரே இரண்டாம் தடவை பார்த்துவிட்டு, “போதும், நிறுத்துங்க பொருளாளரே” என்றார்.

லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் ஒரு பெரியவர் வெளியூரில் இருந்தார். உரிமக் காகிதங்களோடு ரைபிளை எடுத்துக்கொண்டு செயலாளரும் நானும் போனோம். டப்பாவிலிருந்து அவர் எடுத்தது விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் கோல். முனை கூம்பு, வைரம் மாதிரி பாலிஷ். சேம்பரில் விட்டு, கட்டைவிரலால் அழுத்தித் திருப்பினார். பிதுங்கிய இரும்பை வந்த வழியே திருப்பித் தள்ளுகிறார், அவ்வளவுதான்.

“வெட்டலீங்க தம்பி, துளிகூட எடுக்கல. ஒதுங்குனத ஒதுக்கி வுட்டேன்” என்றார். பின்னின் நீளத்தையும் அளந்து சரி செய்தார். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பில் போட்டுக் கொடுத்தார், ஜி.எஸ்.டி. சகிதம். அன்றிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

காலியாக ட்ரிகர் பழகுவது சுடுகிறவர்களுக்கு அவசியம்தான். அதற்குப் பிளாஸ்டிக்கில் போலித் தோட்டா கிடைக்கிறது. அமெரிக்காவில் சிலர் சுவரில் ஸ்க்ரூ முடுக்கப் போடுகிற மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்கையே சேம்பரில் வைத்துப் பழகுகிறார்களாம். பின் அதில் குத்தும், இரும்பு தப்பிக்கும். எங்கள் செயலாளர் இந்த வம்பே வேண்டாம் என்று, பூஜை என்றால் போல்ட்டைக் கழற்றித் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார். பிரமுகர்கள் வந்து குழலை மட்டும் தொட்டுக் கும்பிட்டுச் சுண்டலோடு போகிறார்கள்.

பையனுக்குப் பயிற்சிக்குக் கிடைத்தது ஏழு நாள். முதல் நாள் நூறு குண்டு. ஒவ்வொரு தடவை போல்ட்டை இழுக்கும்போதும் தோள்பட்டை இறுகுவது பின்னாலிருந்து பார்த்த எனக்கே தெரிந்தது. நூறும் ‘டிங்’ என்று வந்து விழுந்தன. நாலாம் நாள்தான் தோள் தளர்ந்தது.

போட்டி அன்று மத்தியானம் ஆபீசில் லெட்ஜரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன்.

“அண்ணே! அறுபதும் வெளிய வந்துருச்சுண்ணே!”

“அது சரிடா, ஸ்கோர்?”

“அதுவாண்ணே... தேறிட்டேன்.”

மறுநாள் சாயங்காலம் கிளப்புக்கு வந்து உறையைக் கொடுத்தான். கொட்டி எண்ணினேன். குத்துத் தடம் இருந்தது, கீறல் எதிலும் இல்லை. ஆனால் ஐம்பத்தொன்பதுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். ஐம்பத்தொன்பது.

“ஒண்ணு குறையுதேடா?”

சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுக்கொண்டு நெளிந்தான். “கடைசிக் குண்டுண்ணே. அம்மாட்டக் காட்டிட்டு நாளைக்குக் கொண்டாந்துர்றேன்.”

ரிஜிஸ்டரில் 59 என்று பென்சிலால் எழுதிக்கொண்டேன்.